தாழ்ப்பாளுக்கு இந்தப் பக்கம்

மேல் வீட்டுக்கு அவர்கள் குடிவந்த மூன்றாம் நாள், யாரோ யாருடைய கழுத்தையோ திருகுகிற சத்தம் கேட்டது. மொறுக்கென்று எலும்பு நொறுங்கியது. அப்புறம் ஒரு ஆளைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி சரசரப்பு. தைத்துக்கொண்டிருந்த பள்ளிச் சீருடையை மிஷினிலேயே விட்டுவிட்டுக் கத்தரிக்கோலும் கையுமாக மாடிப்படி ஏறினேன். அந்தக் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு என்ன செய்வதாக இருந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கதவைத் திறந்தவர் ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. கையில், ஈரத் துண்டில் சுற்றிய வெள்ளரிக்காய். அவர் காலைக் கட்டிக்கொண்டு இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று, உடைந்த பாதியைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது.

"பயந்துட்டீங்களா?" என்று கேட்டார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, சத்தம் போடுவது என்றார். படம் எடுக்கும்போது பதிவாகிற சத்தம் பாதிக்குமேல் உதவாதாம். நடை, கதவு, அடி, உதை எல்லாவற்றையும் பிறகு ஒருவர் உட்கார்ந்து, படத்தைப் பார்த்துக்கொண்டே திரும்பச் செய்ய வேண்டுமாம். இவர் பேய்ப் படங்களுக்குப் பேர்போனவர். ஸ்டுடியோவுக்குப் போகாமல் வீட்டிலேயே ஒரு அறையை ஒதுக்கி, சுவரெல்லாம் பழைய மெத்தையை அடித்து வைத்திருந்தார். பிறகு அந்த மெத்தைகளுக்கு உறை தைத்துக் கொடுத்தது நான்தான். ஜன்னலுக்குக் கனத்த திரையும் நான்தான் தைத்தேன். ஆனாலும் சத்தம் தரை வழியாக என் தலைமேல் இறங்கத்தான் செய்தது.

அன்று சாயங்காலமே கட்டடத்தில் இருந்த ஆறு வீட்டுக் கதவையும் தட்டினார். என்ன சத்தம் கேட்டாலும் பதற வேண்டாம், ஓடி வர வேண்டாம், அது என் பிழைப்பு என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு மாதம் வரைக்கும் எனக்கு நெஞ்சு திக்திக்கென்றுதான் இருந்தது. பிறகு பழகிவிட்டது. மேலே ஒருத்தி அலறினால், நான் நூலைக் கடித்து அடுத்த பொத்தானைத் தைப்பேன். கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் சத்தக்காரர் ஆகிவிட்டார்.

அவர் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்குக் காலையிலேயே ரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் ஆறரை மணிக்கே படியிறங்கிவிடுவாள். மதியம் இரண்டு மணிக்குத்தான் திரும்புவாள். ஊசி குத்துகிற கைக்கு அவ்வளவு மென்மை இருக்கும் என்று அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். குழந்தைகளுக்கு ரத்தம் எடுக்க அவளைத்தான் கூப்பிடுவார்களாம். பிள்ளை பிடிவாதத்தில் அழுகிறதா, வலியில் அழுகிறதா, பயத்தில் அழுகிறதா என்று அடுத்த அறையில் இருந்தே சொல்லிவிடுவாள் என்பார்கள். புருஷன் வேலை செய்த பேய்ப் படம் ஒன்றைக்கூட அவள் பார்த்தது இல்லை. நாள் பூராவும் ரத்தம் பார்க்கிறவளுக்கு வீட்டில் வேறு எதற்கு என்பாள்.

குழந்தைக்கு நாங்கள் வைத்த பெயர் வாலு. அந்தப் பெயருக்கு அவள் ஒரு நாளும் குறை வைத்தது இல்லை. அந்த வீட்டில் வெள்ளரிக்காய்க்கு எலும்பு என்று பெயர். முட்டைகோஸுக்கு மண்டை. வேலை முடிந்ததும் உடைந்ததை எல்லாம் ஒரு தட்டில் போட்டு, உப்பும் மிளகும் தூவிக் குடும்பமாகத் தின்பார்கள். "அத்தை, இன்னிக்கு ரெண்டு பேர் கழுத்து. உங்களுக்குக் கொஞ்சம்" என்று வாலு எனக்கும் கிண்ணத்தில் கொண்டுவருவாள். கிழிகிற சத்தத்துக்கு நல்ல பருத்தித் துணிதான் வேண்டும், பாலியஸ்டர் உதவாது என்று ஐந்து வயதிலேயே என் வெட்டுத்துண்டுகளைத் தடவிப் பார்த்துப் பொறுக்குவாள். ஒரு படத்தில் பேய் கிழித்த சட்டை என் கடைத் துணி. அதை நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால், அம்மா மாடியிலிருந்து கூப்பிடும் வரை என் வெட்டுமேசைக்கு அடியில்தான் இருப்பாள். காந்தத்தை வைத்துக் கீழே விழுந்த குண்டூசிகளைச் சேர்ப்பது அவள் வேலை. அவள் பென்சில் டப்பாவில் ஒரு பழைய இரும்புத் தாழ்ப்பாள் இருக்கும். விரல் நீளம், நடுவில் வளைந்தது. புதிதாக யாராவது துணி தைக்க வந்தால் அதை எடுத்துக் காட்டிக் கதை சொல்லாமல் விடமாட்டாள்.

நாலு வயதில் அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய்விட்டது. ஒரே இருட்டு. தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டு வரவில்லை. தொண்டை கட்டிப்போகிற அளவுக்கு அழுதாள். அப்பா சுத்தியலால் ஒரே போடு போட்டுத் தாழ்ப்பாளை உடைத்து, கதவைத் திறந்து அவளைத் தூக்கிக்கொண்டார். கதை அவ்வளவுதான். சொல்லி முடித்ததும் தாழ்ப்பாளை டப்பாவில் வைத்து மூடுவாள்.

"அதனாலதான் எனக்குப் பயமே கிடையாது. எந்தக் கதவா இருந்தாலும் எங்கப்பா உடைச்சிடுவாரு."

இந்தக் கதையை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் அவருடைய படம் ஒன்று வெளிவந்து சக்கைப்போடு போட்டது. ஒரு பழைய வீடு, அதில் ஒரு அலமாரி, அலமாரிக்குள் மாட்டிக்கொண்டு செத்துப்போன ஒரு குழந்தை. பார்த்தவர்கள் எல்லாம் சத்தத்தைப் பற்றித்தான் பேசினார்கள். வாலுவின் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பார்த்துவிட்டார்கள். அப்பா பெயர் கடைசியில் பெரிதாக வருகிற படத்தை மகள் பார்க்கவில்லை என்றால் விடுவார்களா? பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. பத்து வயது முடியும்வரை பேய்ப் படம் கிடையாது. அம்மா போட்ட சட்டம் அது. பத்து முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வாலு காலண்டரைக் காட்டிக் கேட்டாள். அம்மா சரி என்றாள். பிள்ளை அப்பாவின் அறையிலேயே வளர்ந்தவள், எது எதால் செய்தது என்று தெரிந்தவள், அவளுக்கு என்ன பயம் என்றாள். வேண்டாம் என்றவர் சத்தக்காரர்தான். எல்லாருக்கும் ஆச்சரியம். ஊரையே பயமுறுத்திச் சம்பாதிக்கிற மனிதர் சொந்தப் பிள்ளைக்கு இவ்வளவு பார்க்கிறாரே, நல்ல தகப்பன் என்று நான்கூடச் சொன்னேன். எதிர் வீட்டு ஓட்டுநர், தன் பிள்ளைகள் ஐந்து வயதில் இருந்தே எல்லாக் கண்றாவியையும் பார்க்கிறார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அம்மா ஒரு பரீட்சை வைத்தாள். அவர் முன்பு வேலை செய்த, அவ்வளவு பயங்கரம் இல்லாத ஒரு படத்தில் அரை மணி நேரம் போட்டுக் காட்டினாள். வாலு விழுந்து விழுந்து சிரித்தாளாம். பேய் நடந்தால் "அது அப்பாவோட பழைய செருப்பு" என்றாளாம். ரத்தம் சொட்டினால் "ஈரத்துணி, டைல்ஸ் மேல" என்றாளாம். அம்மா என்னிடம் வந்து சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள். அப்படியும் அவர் பிடிகொடுக்கவில்லை. கடைசியில், அக்கா நீங்கள் பொதுவாகச் சொல்லுங்கள், உங்கள் பேச்சை அவர் தட்டமாட்டார் என்று பஞ்சாயத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. என்னையும் ஒரு ஆளாக மதித்துக் கேட்கிறார்களே.

மறுநாள் நல்ல மழை. மழை வந்தால் சத்தக்காரருக்கு வேலை ஓடாது. மொட்டைமாடித் தகரக் கூரையில் அடிக்கிற மழை, எத்தனை மெத்தை வைத்தாலும் மைக்குக்குள் வந்துவிடும். அந்த நாட்களில் என் கடைக்கு வந்து உட்கார்ந்து, தேநீர் குடித்துக்கொண்டே மிஷின் ஓடுவதைக் காதால் பார்த்துக்கொண்டிருப்பார். பெல்ட் தளர்ந்திருக்கிறது, ஊசி மழுங்கிவிட்டது என்று சத்தத்தை வைத்தே சொல்வார். அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. தேநீர் ஆடை படிந்து ஆறிப்போனது.

"அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். வாலு இன்னும் சின்னப்பிள்ளை, வேண்டாம்னு சொல்லிடுங்க."

அவளைவிட நீங்கள்தான் பயந்து சாகிறீர்கள் என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தப் படத்துல அலமாரிக்குள்ள ஒரு குழந்தை அழுவும்ல. அது வாலு."

"நடிச்சாளா? சொல்லவே இல்லையே."

"நடிக்கலை அக்கா."

மழைச் சத்தத்தில் காதில் விழாதது மாதிரி இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் தரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனார். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு படத்துக்குக் குழந்தை அழுகிற சத்தம் வேண்டியிருந்தது. எதைக் கொடுத்தாலும் பொய்யாக இருக்கிறது என்று அன்று காலையில்தான் இயக்குநர் போனில் வைதிருந்தார். அந்த நேரம் வாலு குளியலறைக்குள் மாட்டிக்கொண்டாள். இவர் கதவிடம் ஓடினார். அந்தத் தாழ்ப்பாள் பழசு, கதவை முட்டியால் தூக்கித் தள்ளினால் தானாக நழுவும். நாலைந்து தடவை அப்படித் திறந்திருக்கிறார். முட்டியைக் கதவில் வைத்தும் விட்டார். உள்ளே அவள் அப்பா, அப்பா என்று கதறினாள். அந்தக் கதறல் அவர் காதில் மகளின் குரலாக விழுவதற்கு முன்னால், காலையில் இருந்து தேடிய சத்தமாக விழுந்துவிட்டது. முட்டியை எடுத்துவிட்டு அறைக்குப் போய், பேட்டரியில் ஓடுகிற பதிவுக் கருவியையும் மைக்கையும் எடுத்துவந்தார்.

"நாலு நிமிஷம் பத்து செகண்ட். எவ்வளவு நேரம்னு ஃபைல்லயே இருக்கு, மறைக்க முடியாது. அப்புறம் முட்டியால ஒரு தள்ளு, திறந்துடுச்சு. அவளுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. அவ அம்மா வந்தா கேப்பாளேன்னு, திறந்ததுக்கு அப்புறம் சுத்தியலை எடுத்துத் தாழ்ப்பாளை உடைச்சேன்."

என்ன மனுஷன் நீ என்று கேட்க வாய் வரை வந்தது. அதற்குள் அவர் தலையை நிமிர்த்தினார்.

"மனசு கேக்கலை. அழிச்சிடலாம்னுதான் இருந்தேன் அக்கா. மறுநாள் நீங்க படியில பாத்து ஒண்ணு சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. அதற்கு முன்பு ஒரு நாளும் அதை நான் நினைத்தது இல்லை. இப்போது முழுசாக ஞாபகம் வந்தது. பள்ளி திறக்கிற வாரம், நாற்பது சீருடை பாக்கி. மின்சாரம் இல்லாததால் மிதிமிஷினில் தைத்துக்கொண்டிருந்தேன். மேலே குழந்தை அலறியது. என் கால் ஒரு தடவை நின்றது. ஒரே ஒரு தடவை. பரவாயில்லையே, பிள்ளை அழுகையெல்லாம் கற்றுக்கொண்டுவிட்டாரே என்று நினைத்து, திரும்ப மிதித்தேன். மின்சாரம் இல்லாத வேளையில் என்ன வேலை நடக்கும் என்று யோசிக்கிற அறிவுகூட இல்லை. மறுநாள் காலையில் படியில் பார்த்தபோது, "நேத்து போட்ட சத்தம் பிரமாதம். எனக்கே வயித்தைப் பிசைஞ்சிடுச்சு" என்று சொன்னேன்.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அழிக்காமல் அதைக் கொடுத்த அந்தப் பழைய படம் மூன்று நாள்கூட ஓடவில்லை, அதோடு போயிற்று என்று நினைத்திருந்தாராம். போன வருடம் இந்த அலமாரிப் படத்துக்குப் பல குழந்தைகளை அழவைத்துப் பார்த்தும் சரியாக வரவில்லை. என்னிடம் ஒன்று இருக்கிறது என்று அவரே வாய்விட்டுச் சொன்னாராம். ஏன் சொன்னேன் என்று அவருக்கே தெரியவில்லை. நல்ல சத்தம் வைத்திருப்பவனுக்கு அதை அடுத்தவன் கேட்காமல் இருப்பது தாங்காது போலிருக்கிறது.

"அவ எதையும் தாங்குவா அக்கா. அந்தத் தாழ்ப்பாள் கதை மட்டும் போயிடக் கூடாது."

சாயங்காலம் அம்மாவும் மகளும் தீர்ப்புக் கேட்க வந்தார்கள். வாலு மேசை நுனியில் ஏறி உட்கார்ந்து, நான் அவள் பக்கம்தான் பேசுவேன் என்று கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். வேண்டாம், இன்னும் இரண்டு வருடம் போகட்டும் என்றேன். ஏன் என்று அம்மா கேட்டாள். காரணம் ஒன்று தேவைப்பட்டது. என் கடை மூலையில் தலையில்லாத தையல் பொம்மை ஒன்று நிற்கும். ஐந்து வயதில் வாலு அதைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். அம்மாவிடம்கூடச் சொல்லாதே என்று என் காதில் மட்டும் சொன்ன விஷயம். அது தெரிந்துதான் அவள் இருக்கும்போதெல்லாம் பொம்மைமேல் ஒரு சட்டையைப் போட்டு வைப்பேன். அந்த ரகசியத்தைப் போட்டு உடைத்தேன்.

"அவ தைரியமெல்லாம் வாய்லதான். இந்தப் பொம்மைக்கே நடுங்குவா."

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. அவள் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"அது சின்னப்போ. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னீங்கல்ல அத்தை."

இறங்கி மேலே போய்விட்டாள். அன்றிலிருந்து என் கடைக்கு வரவில்லை. குண்டூசிகள் தரையிலேயே கிடந்தன. எலும்புக் கிண்ணமும் வரவில்லை. பள்ளியில் கேட்டவர்களிடம், எனக்குப் பயம், அதனால் வீட்டில் விடவில்லை என்று அவளாகவே சொல்லிவிட்டாளாம். அழவும் இல்லையாம். அம்மா வந்து சொன்னபோது நான் ஒரு காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து அவள் அம்மாவே முடிவெடுத்துவிட்டாள். நாம் தப்புச் செய்கிறோம் அக்கா என்றாள். ஊசி போடும்போது வலிக்காது என்று பொய் சொன்னால்தான் பிள்ளைகள் கத்தும், வலிக்கும், நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்றால் தாங்கிக்கொள்ளும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம், பயந்தால் நிறுத்திவிடலாம், நீங்களும் வாருங்கள், உங்கள்மேல் கோபமாக இருக்கிறாள், சமாதானம் ஆகிவிடும் என்றாள்.

அதற்கு நாலு நாள் இருந்தது. சத்தக்காரர் அதற்குள் மனைவியிடம் சொல்லிவிடுவதாக என்னிடம் சொன்னார். புதன்கிழமை சொல்கிறேன் என்றார். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றார். சனிக்கிழமை, அந்தக் கட்டம் வரும்போது சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன், ரிமோட் என் கையில்தான் இருக்கும் என்றார். ஆகட்டும் என்றேன். நான் மட்டும் என்ன யோக்கியம்? எனக்கும் நாலு நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. நான் தைத்த கனத்த திரையை இழுத்து விட்டார்கள். அவித்த உருளைக்கிழங்கும் ரொட்டியும் ஒரு தட்டு நிறைய எலும்பும் நடுவில் இருந்தன. வாலு அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடிக்கவில்லை. ஆனால் படம் ஓட ஓடப் பழைய வாலு வந்துவிட்டாள். அலமாரிக் கதவு கிறீச்சிட்டதும், அது நம் பழைய நாற்காலி என்றாள். அம்மா இரண்டு இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள், அவளுக்கு வாலுதான் தைரியம் சொன்னாள். பெருமையில் அவள் முகம் மினுங்கியது. பாவம், அப்பாவின் முகத்தை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அந்தக் கட்டம் வந்தது. அலமாரியைக் காட்டினார்கள். அவர் சத்தத்தைக் குறைத்தார். வாலு எட்டி ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்னப்பா, முக்கியமான இடத்துல குறைக்கறீங்க? எங்க கிளாஸ்ல எல்லாரும் சொன்னது இதைத்தான்."

கூட்டிவைத்தாள். அறை முழுக்க அழுகை. அன்றைக்கு நான் கீழே இருந்து, தரை வழியாகக் கேட்ட அதே அழுகை. இப்போது கிட்டத்தில் கேட்டேன். அலறல், பிறகு மூச்சு கிடைக்காமல் ஒரு இழுப்பு, பிறகு மூன்று விக்கல்.

அம்மா தட்டைக் கீழே வைத்தாள்.

"நிறுத்து. திரும்பப் போடு."

வாலு திரும்பப் போட்டாள். இரண்டாவது தடவை அம்மா திரையைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நடிப்பு இல்ல. தினம் இதைக் கேக்கறவ நான். யாரு இது?"

வாலு தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். துணியைத் தடவிப் பார்க்கிறபோது இருக்கிற அதே முகம்.

"நான்தானே? அப்பா, நான் படத்துல இருக்கேனா?"

அந்தக் குரலில் சந்தோஷம்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு எங்கேயாவது போய் முகத்தை மறைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. கொஞ்ச நேரம் அந்தச் சந்தோஷத்தோடு அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மூன்றாவது தடவை அவளாகவே போட்டுக் கேட்டாள். சத்தக்காரர் மகள் இல்லையா? ஒரு சத்தத்தைக் கொடுத்தால் எப்படிச் செய்தது என்று கண்டுபிடிக்கத்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"எதிரொலிக்குது. பாத்ரூம். மைக் கதவுப் பக்கத்துல இருக்கு." நிறுத்தி யோசித்தாள். "அன்னிக்குக் கரண்ட் இல்லையே. அப்ப பேட்டரி மெஷின். அதை அறையில இருந்து எடுத்துட்டு வரணும்."

திரையை விட்டு அப்பா பக்கம் திரும்பினாள்.

"கதவை உடைச்சிட்டு இருந்தீங்கல்லப்பா. சுத்தியல் சத்தம் எங்க?"

அவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். தாழ்ப்பாள் சிக்கிக்கொள்ளவே இல்லை, முட்டியால் தள்ளினாலே திறந்திருக்கும், அப்பா தள்ளவில்லை என்றார். அதற்கு மேல் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. நல்லவேளை, மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை பரவாயில்லை என்று சொல்லியிருப்பாள்.

வாலு எழுந்துபோய்ப் பென்சில் டப்பாவைக் கொண்டுவந்தாள். தாழ்ப்பாளை எடுத்தாள். மெத்தை அறைக்குள் அவர் பூட்டு, சங்கிலி, ஆணி எல்லாம் போட்டு வைக்கிற இரும்புத் தட்டு ஒன்று உண்டு. அதில் போட்டாள்.

"இதையும் சத்தத்துக்கு வச்சுக்கோங்க."

அம்மா அவளைப் பிடித்து மடியில் இழுக்கப் பார்த்தாள். அவள் வரவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, அன்னிக்கு நீங்க கீழதானே இருந்தீங்க. கேக்கலையா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடிதான் ஆகும். பொம்மை விஷயத்தில் செய்ததே போதும் என்று இருந்தது.

"கேட்டுச்சு."

"அப்ப ஏன் வரலை?"

"வேலைன்னு நினைச்சேன் கண்ணு."

மறுநாள் அவரைப் பாராட்டியதை நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவரும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த ஒன்றில் அவர் என்னைவிடப் பெரிய மனிதர்.

அதன்பிறகு பல நாள் மேல் வீட்டில் சத்தமே இல்லை. அவள் அம்மா அவரிடம் சாப்பாடு, சாவி, பால் என்று தேவைக்கு மட்டும் பேசினாள். என்னிடம் அதுவும் இல்லை. படியில் பார்த்தால் ஒதுங்கி வழிவிடுவாள், அவ்வளவுதான். அவர் அந்தப் பதிவை அழித்துவிட்டேன் என்று மகளிடம் சொன்னாராம். "படத்துல இருக்கேப்பா" என்றாளாம். குளியலறைக் கதவில் பிறகு வைத்த தாழ்ப்பாளையும் கழற்றிவிடச் சொல்லி அவளே சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் இப்போது யார் குளிக்கப் போனாலும், உள்ளே ஆள் இருப்பதற்கு அடையாளமாக, கதவுக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

பிறகு பிழைப்பு இருக்கிறதே, மெல்ல மெல்ல எலும்பு நொறுங்க ஆரம்பித்தது.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் நாலரை மணி. ஒரு கல்யாணக் கோட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். மேலே வாலு வீல் என்று அலறினாள். எப்படி ஏறினேன் என்று தெரியாது. மேலே போய் நின்றபோது, முதல் நாள் மாதிரியே என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. சத்தக்காரரும் மெத்தை அறையில் இருந்து ஈரத் துண்டோடு ஓடிவந்து நின்றார். வாலு குளியலறை வாசலில், கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல. வர்றீங்களான்னு பாத்தேன்."

அவர் தலையை ஆட்டினார். நானும் ஆட்டிவிட்டு இறங்கி வந்தேன். கோட்டின் கை வீணாகப் போயிருந்தது.

அதிலிருந்து வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. சத்தக்காரர் இப்போதெல்லாம் மெத்தை அறைக் கதவைச் சாத்துவதில்லை. வெளிச்சத்தம் கலந்து வேலை கெடுகிறது என்று ஸ்டுடியோவில் திட்டுகிறார்களாம், திட்டட்டும் என்கிறார். எனக்கு முட்டி வலி வேறு. கத்துவது விளையாட்டுக்குத்தான் என்று எதிர் வீட்டு ஓட்டுநருக்குக்கூடத் தெரிந்துவிட்டது. வேலையைப் போட்டுவிட்டு எதற்கு இப்படி ஓடுகிறீர்கள், ஒரு நாள் போகாமல் இருந்தால் தானாக நிறுத்திவிடுவாள் என்று புத்தி சொல்கிறார். நல்ல மனிதர். அவரும் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தார்.

இன்று மத்தியானம் ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். அவள் குரல் கேட்டது. ஊசி துணிக்குள் இறங்கியிருந்தது. எடுத்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று பார்த்ததில் நூல் சிக்கிக்கொண்டது. அறுத்துப் போட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் படியேறினேன். எனக்கு முன்னால் அவள் அப்பா வந்து மூச்சுவாங்க நின்றிருந்தார். வாலு கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்கு லேட்டு அத்தை" என்றாள்.